மணலுக்கு வாங்கிய கோல்ஃப் மட்டைகள்

கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். குறைந்த விலையில் நல்ல பொருள் வாங்க வேண்டும் என்று உங்களுக்கு எல்லாரும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். குறைந்த விலை எது என்பது காகிதத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நல்ல பொருள் எது என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், சொன்னவர் அத்தனை பேருக்கும் அந்த நிமிஷமே அவசர வேலை வந்துவிடும். சாக்கு, சணல், டீசல், பம்பு, பல்சக்கரம் என்று என் காலமெல்லாம் வாங்கிக்கொண்டே இருந்தவன் நான். அவையெல்லாம் சொல்லித் தராத ஒன்றை ஒரு பை கோல்ஃப் மட்டை சொல்லித் தந்தது.

சிரியுங்கள், பரவாயில்லை. நான்தான் அன்று சிரிக்க முடியாமல் நின்றேன்.

எங்கள் கம்பெனி தேவிபட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்தது. முன்னால் உப்பளம், நடுவில் ரசாயனத் தொழிற்சாலை, பின்னால் எங்களுக்கான காலனி. சுற்றிலும் தண்ணீர்தான். குடிக்கத்தான் சொட்டுக் கிடையாது. நயினார்கோவில் பக்கத்துக் கிணற்றிலிருந்து தினம் ஒரு லாரித் தண்ணீர் வரும். காலனிப் பெண்கள் குடங்களோடு வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்பவருக்கு நிறையக் கிடைக்கும், பின்னால் நிற்பவருக்கு நியாயம் கிடைக்கும்; அதாவது பேச இடம் கிடைக்கும்.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு புது ஜெனரல் மேனேஜர் வந்தார். குன்னூர்த் தேயிலைக் கம்பெனியில் இருந்தவர். குளிரில் வளர்ந்த மனிதரை எதற்காக உப்பில் ஊறப்போட்டார்கள் என்பது மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கே வெளிச்சம். வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "இந்த ஊர்ல உங்களுக்கெல்லாம் பொழுது எப்படிய்யா போகுது?" என்று கேட்டார்.

"பொழுது அது பாட்டுக்குப் போயிருது சார். நாங்கதான் எங்கயும் போக முடியல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேலதிகாரி சிரிக்காத இடத்தில் நாமும் சிரிக்காமல் இருப்பது கொள்முதலின் முதல் பாடம். சில நாளில் அவரே விடை கண்டுபிடித்துவிட்டார். உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் கருவேலமுள் மண்டிக் கிடந்த பொட்டலைச் சுத்தம் செய்து, அங்கே ஒரு கோல்ஃப் மைதானம் அமைப்பது என்று முடிவானது. பங்குனியில் சேர்மன் மெட்ராஸிலிருந்து வருகிறார். அவருக்கு கோல்ஃப் என்றால் உயிர். அவர் இங்கே ஒரு ஆட்டம் ஆடி மகிழ்ந்தால், மைதானத்துக்கு நிரந்தரமாகவே அனுமதி தந்துவிடுவார்.

அதற்கு இரண்டு பொருள் தேவை. ஒன்று மட்டை. மலிவாக இருக்க வேண்டும், ஆனால் சேர்மன் கையில் எடுத்தால் மதிக்கும்படி வேலை செய்ய வேண்டும். அது என் பொறுப்பு. இன்னொன்று, பந்து விழும் குழியைச் சுற்றி வட்டமாகப் பச்சைப் புல். அதற்குத் தண்ணீர் வேண்டும்.

லாரியில் பாதியைப் புல்லுக்குத் திருப்பிவிடச் சொல்லி உத்தரவு போனது.

பாதி லாரி என்பதை அலுவலகத்தில் எழுதுவது சுலபம். வரிசையில் அதற்கு அர்த்தம் வேறு. வால்பக்கம் நின்றவர்கள் காலிக் குடத்தோடு திரும்பினார்கள். பக்கத்துத் தேவிபட்டினத்தில் போய்க் கெஞ்சிக் கொண்டுவந்தார்கள். சேர்மன் புல்லைப் பார்த்து மகிழ்ந்துவிட்டால் இந்தப் பாதி என்றைக்கும் பாதிதான் என்பதும் எல்லோருக்கும் புரிந்திருந்தது.

என் மனைவி செல்விக்கு இன்னும் நன்றாகவே புரிந்திருந்தது. ஒரு நாள் அரைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே வாசலில் நின்று கேட்டாள்.

"கம்பு வாங்கப் போறது நீங்கதானாமே?"

"ஆமா."

"உருப்படாத கம்பாப் பாத்து வாங்கிட்டு வாங்க. ஒரு அடி அடிச்சதும் ஒடிஞ்சு விழுகணும். அந்தப் பெரிய மனுசன் வெறுத்துப்போயி மெட்ராசுக்கே போயிரட்டும்."

"வேணும்னு மட்டமான சாமான் வாங்க முடியுமா, செல்வி?"

"ஏன் முடியாது? போன தடவை வாங்குன பம்பு மட்டும் என்னவாம்?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டிலேயே தணிக்கை அதிகாரி இருப்பவன் வெளியே யாருக்கும் பயப்பட மாட்டான்.

ஆனால் அவள் சொன்னதை யோசிக்காமல் இல்லை. மட்டமான மட்டை வாங்கினால் என்ன ஆகும்? மட்டை ஒடியும். ஒடித்த சேர்மன் புல்லைக் குறை சொல்ல மாட்டார், மட்டையைத்தான் சொல்வார். ஜெனரல் மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விலை உயர்ந்த மட்டை வாங்க வேறு ஆளைப் போடுவார். புல் அப்படியே இருக்கும், நான் இருக்க மாட்டேன். கெட்ட பொருள் வாங்கி நல்ல காரியம் நடந்ததாக நான் இதுவரை பார்த்ததில்லை. நல்லதாகவே வாங்குவோம், புல்லை வேறு வழியில் பார்ப்போம் என்று தீர்மானித்தேன். வேறு வழி என்ன என்று மட்டும் தெரியவில்லை. பாதித் தீர்மானமும் தீர்மானம்தானே.

எங்கள் கம்பெனியில் எதை வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளி வேண்டும். ராமநாதபுரம் வட்டாரத்தில் கோல்ஃப் மட்டைக்கு மூன்று விலைப்புள்ளி! கடலுக்குள் மூன்று நெல்வயலைத் தேடுவது இதைவிட எளிது.

முதலில் மதுரைக்குப் போனேன். அங்கே பெரிய விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு புது செட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

"தொட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

"வாங்குன பின்னாடி வீட்ல வச்சுத் தொடுங்க" என்றார் கடைக்காரர்.

விலையைச் சொன்னார். பெட்டி மேலிருந்த கையை நானே எடுத்துக்கொண்டேன். அந்த விலையில் எங்கள் காலனிக்கு இன்னொரு லாரியே ஓட்டலாம்.

அடுத்தது ராமநாதபுரத்தில் ஒரு இரும்புப் பட்டறை. பட்டறைக்காரரிடம் படம் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கடப்பாறைக் கம்பியில வளைச்சு அடிச்சுத் தாரேன். கிலோக் கணக்குதான். இத வச்சு என்ன செய்வாக?"

"பந்தை அடிச்சு ஒரு குழியில தள்ளுவாங்க."

"தள்ளிட்டு?"

"எடுத்துக்கிட்டு அடுத்த குழிக்குப் போவாங்க."

"நம்ம பக்கம் குழி தோண்டுறதே தண்ணி வருதான்னு பாக்கத்தான். பந்தைப் போடுறதுக்குன்னு தோண்டுறாகன்னா, அவுக ஊர்ல மழை நல்லாப் பெய்யும் போல" என்றார்.

விலைப்புள்ளியையும் எழுதிக் கொடுத்தார். 'வளைந்த கடப்பாறை, பந்து அடிக்க' என்று பொருளின் பெயர் போட்டிருந்தார். அதைவிடத் தெளிவான விலைப்புள்ளியை நான் பின்னால் எந்தப் பெரிய கம்பெனியிடமிருந்தும் வாங்கியதில்லை.

மூன்றாவதை எங்கள் உப்பு லாரி டிரைவர்தான் சொன்னார். பாம்பனில் ராமையா என்று ஒருவர் இருக்கிறார், சிலோன் மலைத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்துவிட்டுக் குடும்பத்தோடு கப்பலேறித் திரும்பி வந்தவர், அவர் வீட்டுச் சுவரில் ஒரு பை நிறையக் கம்பு தொங்குகிறது என்றார். ரயிலேறிப் போனேன்.

ராமையா வெள்ளை வேட்டியில், கருவாடு காயும் தெருவில், தோட்டத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பையைக் கீழே இறக்கினார். ஆறு மட்டைகளும் அடியில் சில பந்துகளும் இருந்தன.

"செட்டு முழுசா இல்லைங்களே?" என்றேன்.

"எங்க தோட்டத்துத் தொரைக்குக் கோவம் வந்தா ஒண்ணை ஆத்துல வீசிருவாருங்க. நெறையக் கோவம் வரும். அவர் சீமைக்குப் போறப்ப மிச்சத்தை என் கையில கொடுத்து, 'ராமையா, நீ நெடுங்காலம் உழைச்சே, இதை வச்சுக்க'ன்னாரு. வாழ்நாள் முழுக்க உழைச்சதுக்கு வெளையாட்டுச் சாமான் கொடுத்த மனுசன். நல்ல மனுசன்தான், கணக்கு மட்டும் வராது."

இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்கு கோல்ஃப் தெரியாது. தெரியாத பொருளை வாங்கும்போது தெரிந்த மாதிரி நடிப்பவன் ஏமாறுவான். பம்புக் குழாயை எப்படிப் பார்ப்பேனோ அப்படியே பார்த்தேன். ஒவ்வொரு கம்பையும் கண்ணுக்கு நேரே பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். காதருகே குலுக்கி, தலை ஆடுகிறதா என்று கேட்டேன். துருவை நகத்தால் சுரண்டி, மேலோடு நிற்கிறதா உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் திடமாக இருந்தது.

"ஒண்ணு அடிச்சுக் காட்டுங்களேன்" என்றேன்.

"நான் ஆடுனதில்லைங்க. தொரை ஆடுறதைக் குடை பிடிச்சுக்கிட்டுப் பாத்திருக்கேன்."

இருவரும் கடற்கரைக்குப் போனோம். ராமையா வேட்டியை மடித்துக் கட்டி, மணலில் பந்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீசு வீசினார். பந்து எங்கே போனது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கடலிலிருந்து பதில் வந்தது.

"ஏலே, எவன்டா அது கல்லைக் கொண்டு எறியிறது!"

வள்ளத்தில் நின்ற மீனவர் கையை ஓங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரம்! கண்ணை மூடிக்கொண்டு அடித்த ஒரு கணக்கப்பிள்ளையிடமே இப்படி வேலை செய்யும் மட்டை, கண்ணைத் திறந்து அடிக்கும் சேர்மனிடம் என்னதான் செய்யாது? மீனவர் கரைக்கு வந்து பந்தைக் கொடுத்து, கூடவே நாலு நல்ல வார்த்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அதைவிட நம்பகமான பரிசோதனைச் சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை.

கரையிலிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பும்போது, புல்லை என்ன செய்வது என்ற கவலையில், எங்கள் லாரித் தண்ணீர்க் கதையை ராமையாவிடம் சொன்னேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "புல்லு எதுக்குங்க? தொரை மன்னார்ப் பக்கம் போறப்ப மணல்லதான் ஆடுவாரு. குழியைச் சுத்தி மணலைக் கொட்டி, பழைய எஞ்சின் ஆயிலை ஊத்தி, உருளையை விட்டு உருட்டிருவாங்க. பந்து பலகையில ஓடுற மாதிரி ஓடும்."

மட்டையை வாங்கிக்கொண்டேன். விலை மதுரைக் கடையின் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் அன்று நான் மலிவாக வாங்கியது அந்தப் பேச்சைத்தான்.

மறுநாள் மூன்று விலைப்புள்ளிகளோடு ஜெனரல் மேனேஜர் முன்னால் நின்றேன். மட்டைகளைத் தட்டிப் பார்த்தார். சீமைச் சாமான் என்றதும் முகம் மலர்ந்தது. விலையைச் சொன்னதும் இன்னும் மலர்ந்தது. மேலதிகாரியின் முகம் மலர்ந்திருக்கும் நேரம் ரொம்பக் கொஞ்சம், அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

"சார், இது மணல்ல ஆடிப் பழகுன மட்டையாம். புல்லுல யாரு வேணா ஆடிருவாங்களாம். மணல்ல ஆடத்தான் ஆட்டம் தெரியணுமாம். ஒர்க்‌ஷாப்ல கழிவு ஆயில் சும்மா கெடக்கு. மணல் இருக்கவே இருக்கு. புல்லுன்னா உரம், ஆளு, ஆடு நுழையாம வேலி..." என்று இழுத்தேன். தண்ணீர் என்ற சொல்லை நான் வாயிலெடுக்கவே இல்லை. காலனியின் தாகத்தைச் சொன்னால் அது கோரிக்கை, செலவைச் சொன்னால் அது நிர்வாகம்.

அவர் ஜன்னல் வழியாகப் பொட்டலைப் பார்த்தார்.

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்" என்றார்.

"தெரியும் சார்."

"ஆனா ஒண்ணு. சேர்மன் மணல்ல ஆடிட்டு முகம் சுளிச்சார்னா, அப்புறம் முழு மைதானமும் புல்தான். முழு லாரியும் அதுக்குத்தான். நீங்க கடல் தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சுக்கங்க."

பாதி லாரியைக் காப்பாற்றப் போய் முழு லாரியையும் பணயம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். செல்வியிடம் சொன்னேன்.

"அப்ப அந்தக் கம்பு ஒடியக் கூடாதுங்கிறீக?"

"ஒடியக் கூடாது."

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? நானும் தெக்க பாத்து ஒடியணும் ஒடியணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

காலனி முழுக்க வேண்டுதல் திசை மாறியது. கணவர்கள் ஷிப்டு முடிந்து வந்து மணலைச் சலித்துக் கொட்டினார்கள். ஆயிலை ஊற்றி உருட்டியதும் அந்த வட்டம் கறுப்புத் தோசைக்கல் போலப் பளபளத்தது. ஜெனரல் மேனேஜர் ஒரு பந்தை உருட்டிப் பார்த்தார். ஓடியது.

சேர்மன் வரும் நாள் காலையில்தான் வினை வந்தது.

மட்டைப் பை வாட்ச்மேன் முனியசாமியின் காவலில் இருந்தது. நயினார்கோவில் பக்கத்து விவசாயி, மழை பொய்த்து எங்களிடம் வேலைக்கு வந்தவர். உப்புக் காற்றில் நாலே நாளில் மட்டைத் தலைகளில் பொரிப்பொரியாகத் துரு கிளம்பியிருக்கிறது. மனிதருக்குத் தாங்கவில்லை. தேவிபட்டினத்தில் படகுக்காரர்கள் மரத்துக்குப் பூசும் மீன் எண்ணெயை ஒரு டப்பா வாங்கிவந்து, தலை, தண்டு, தோல் சுற்றிய கைப்பிடி எல்லாவற்றிலும் வஞ்சகமில்லாமல் பூசிவிட்டார். துரு நின்றுவிட்டது. தோல் எண்ணெயை வயிறாரக் குடித்துவிட்டது.

ஜெனரல் மேனேஜர் பழகிப் பார்க்க ஒரு மட்டையை எடுத்து ஓங்கி வீசினார். பந்து அங்கேயே இருந்தது. மட்டை பறந்துபோய் உப்புப் பாத்தியில் விழுந்தது. அவருடைய இரண்டு கைகளும் மட்டையில்லாமலே ஆட்டத்தை முடித்து நின்றன. அம்பாரத்துக்குப் பின்னாலிருந்து நாலைந்து பூனைகள் எட்டிப் பார்த்தன.

"என்னய்யா இது?" என்று அலறினார்.

முனியசாமி பணிவாக, "மீன் எண்ணெய்ங்கய்யா. படகே பத்து வருசம் தாங்கும். இது தாங்காதா?" என்றார்.

"சேர்மன் கார் ராமநாதபுரம் வந்திருச்சாம்! அவர் கையில இதையா கொடுக்கிறது? அவர் ஆடலைன்னா நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்று என் பக்கம் திரும்பினார்.

இளையவர்களே, இப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் முன்னால் இரண்டு வேலைகள் வந்து நிற்கும். ஒன்று, யார் செய்தது என்று கண்டுபிடித்து விளாசுவது. அது மனதுக்கு இதமான வேலை, உடனே முடியும், எல்லாரும் கூடவே வருவார்கள். இன்னொன்று, பொருளைச் சரிசெய்வது. அதற்கு யாரும் வர மாட்டார்கள். நான் முனியசாமியைப் பார்த்து, "பாத்தியில விழுந்ததை எடுத்துட்டு வாங்க, அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு காலனிக்கு ஓடினேன்.

எண்ணெயைக் கழுவத் தண்ணீர் கிடையாது. சேர்மன் மணலை ஒப்புக்கொள்ளும்வரை பழைய உத்தரவு ரத்தாகாது என்று பாதி லாரி அன்றுவரை பொட்டலுக்குத்தானே போய்க்கொண்டிருந்தது. செல்வி பையை மோந்து பார்த்தாள். "கம்பு வாங்கிட்டு வரச் சொன்னா, சாளை மீனு வாங்கிட்டு வந்திருக்கீக" என்றாள். சொல்லிக்கொண்டே அடுப்புச் சாம்பலை அள்ளி வந்தாள். பக்கத்து வீடுகளிலிருந்தும் சாம்பல் வந்தது. பாத்திரம் துலக்குகிற கைகள் கைப்பிடிகளைத் தேய் தேயென்று தேய்த்தன. சாம்பல் எண்ணெயை உறிஞ்சிக் கறுத்தது. ஆனாலும் தோல் வழுக்கியது.

"இதுக்கு மேல ஏதாச்சும் சுத்தணும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சி. அவள் எங்கள் கம்பெனியில் உப்பு மூட்டை தைப்பவள்.

ஸ்டோருக்கு ஓடி, சாக்குத் தைக்கிற சணலில் ஒரு உருண்டை எடுத்து வந்தேன். பேச்சியும் செல்வியும் ஆளுக்கொரு மட்டையாகப் பிடித்து, இடைவெளி தெரியாமல் இழுத்து இழுத்துச் சுற்றினார்கள்.

"இறுக்கிப் பிடி, பேச்சி. அந்தாளு கையை விட்டுப் போச்சுன்னா நம்ம லாரியும் போச்சு."

"நீ உன் கம்பைப் பாருத்தா. நான் சுத்துனா கம்பு இத்துப்போகும், சணலு இத்துப்போகாது."

கார் உள்ளே நுழையும்போது நான் பையோடு பொட்டலுக்கு வந்து சேர்ந்தேன். வேலியோரம் காலனியே நின்றது.

சேர்மன் மட்டையை எடுத்தார். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"என்ன ஒரு வாசனை வருது?"

"கடற்கரை சார்" என்றார் ஜெனரல் மேனேஜர். அவர் பதவிக் காலத்தில் சொன்ன ஒரே பொய்யில்லாத வாக்கியம் அது என்று இன்றும் சொல்வேன்.

சேர்மன் நின்றார், ஓங்கினார், அடித்தார். மட்டை கையிலேயே இருந்தது. பந்து மட்டும் போனது, அதுவும் போக வேண்டிய திசையில். அடுத்த அடியில் பந்து கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றது. அங்கிருந்து மெல்லத் தட்டினார். எண்ணெய் மணலில் பந்து வளைந்து ஓடி, குழியின் விளிம்பில் யோசித்து, உள்ளே விழுந்தது. வேலியோரத்தில் கைதட்டல் வெடித்தது. தன் ஆட்டத்துக்கு இப்படி ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்மன் மெட்ராஸில்கூடப் பார்த்திருக்க மாட்டார். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து அவரே உருகிவிட்டார்.

"பிரமாதமான பிடிமானம். சணல் சுத்தினது யாரோட யோசனை?"

"நம்மதுதான் சார்" என்றார் ஜெனரல் மேனேஜர்.

"புல் போடலையா?"

"இந்த வறண்ட ஊர்ல புல்லுக்குத் தண்ணி விடுறதா? எனக்கு அதில உடன்பாடே இல்லை சார்."

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யோசனை யாருடையது என்று வாதாடுவது கொள்முதல்காரன் வேலையில்லை. சரக்கு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் நம் வேலை.

மறுநாள் காலையில் லாரி பொட்டல் பக்கம் திரும்பாமல் நேராகக் காலனிக்குள் வந்தது. வரிசையில் செல்வியும் பேச்சியும் யார் முன்னால் என்று மூர்க்கமாகச் சண்டை போட்டார்கள். நேற்று ஒன்றாய்ச் சணல் சுற்றியவர்கள்தானா இவர்கள் என்று சமாதானம் பேசப் போனேன்.

"நீங்க போயி உங்க கம்பைத் துடைங்க" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஓரமாக ஒதுங்கி நின்றேன். குடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிப் போயின. ராத்திரிக் காவல் முடித்து வழக்கம்போல வரிசையின் வாலில் வந்து நின்ற முனியசாமியின் குடமும் கழுத்துவரை நிரம்பியது. அதற்குப் பின்னால் யாரும் இல்லை. லாரிக்காரர் குழாயை மூடாமல் கையில் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இன்னும் குடம் வச்சிருக்கவுக ஆராச்சும் இருக்கீகளா?"